எண்ணூறு ரூபாய்க் கருவியும் டிப்போ மாமாவும்

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று யார் கேட்டாலும் ஆறு வருடமாக ஒரே பதில்தான் சொல்லிவந்தேன். "பதினாறு, பதினேழு கொடுக்கும்." கேட்டவர் உடனே தன் கார் இருபது கொடுப்பதாகச் சொல்வார். நான் நம்ப மாட்டேன். அவரும் என்னை நம்பியிருக்க மாட்டார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பையனின் சம்பளத்தை விசாரிப்பது மாதிரிதான் இதுவும். உண்மை எண் யாருக்கும் தெரியாது, தெரிந்தவரும் சொல்வதில்லை.

இந்த முறை தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு கருவி வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, 800 ரூபாய். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராகக் குனிந்து பார்த்தால் 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். சர்வீசுக்கு விடும்போது லேப்டாப்பை மாட்டிப் பார்ப்பார்களே, அதே சாக்கெட்தான். ஓ.பி.டி. 2 என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கட்டாயம். நம் ஊரில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 4 கார்களில் இருக்கிறது. பெட்டியை அதில் செருகி, போனோடு புளூடூத்தில் இணைத்து, ஒரு செயலியைத் திறந்தால் எஞ்சினுக்குள் நடப்பதெல்லாம் திரையில் ஓட ஆரம்பிக்கும். எஞ்சின் சுற்று, தண்ணீரின் சூடு, உள்ளே போகும் காற்றின் அழுத்தம், அந்த நொடியில் எரியும் பெட்ரோல் எல்லாமே தெரியும். நான் பயன்படுத்தியது ஆண்ட்ராய்டில் பலரும் வைத்திருக்கும் டார்க் என்ற செயலி.

பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. இ.எல்.எம். 327 என்று மட்டும் அச்சிட்டிருந்தது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர் அது. முதல் பதிப்பில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டை அவர்கள் போடவில்லை. விளைவு, உலகம் முழுக்க நகல்கள். சந்தையில் பெருமையாக விற்கப்படும் "வி 1.5" என்ற பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. 2022-இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆக, என் கையில் இருப்பது அசல் இல்லாமல் போய்விட்ட ஒன்றின் நகல். அதை நம்பி ஒரு விமர்சனம் எழுதலாமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால் முதல் ஒன்றரை மாதம் கருவியைத்தான் சோதித்தேன், காரை அல்ல.

சோதிக்கும் வழி பழையதுதான். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுப்பது. எளிமையாகத் தெரியும் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. துப்பாக்கி ஆட்டோ கட் ஆனதும் பங்க் பையன், "ரவுண்டா போட்டுரட்டுமா சார்?" என்பான். நாம் தலையாட்டினால் கணக்கு போச்சு. ஒரு தடவை கழுத்துவரைக்கும், இன்னொரு தடவை முதல் கட்டோடும் நிரப்பினால் ஒரு லிட்டர் வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். பத்து லிட்டர் போடுகிறவருக்கு அது பத்து சதவீதப் பிழை. ஆகவே ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட்டோடு நிறுத்தம், நான்கு டேங்க்கின் சராசரி. கணக்கு 15.4 என்று வந்தது. காரின் சொந்த டிஸ்பிளே 16.3 என்றது. செயலி 16.9 என்றது. நான் ஆறு வருடமாகச் சொல்லிவந்த பதினாறு, பதினேழு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

செயலி பொய் சொல்கிறது என்று சொல்ல முடியாது, அது ஊகிக்கிறது. என் கார் மாதிரிச் சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில், உள்ளே போகும் காற்றை நேரடியாக எடைபோடும் சென்சார் இருக்காது. காற்றின் அழுத்தம், வெப்பம், எஞ்சின் சுற்று ஆகியவற்றை வைத்துக் காற்றின் அளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து பெட்ரோலைக் கணக்கிட வேண்டும். இரண்டு படி தள்ளி நிற்கும் கணக்கு. செயலியிலேயே திருத்தம் செய்ய ஓர் எண் உண்டு. அதைச் சரிசெய்த பிறகு டேங்க் கணக்குக்கும் செயலிக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. எண்ணூறு ரூபாய்க்கு இது போதும். இனிமேல் வரும் எண்களெல்லாம் திருத்தத்துக்குப் பிறகானவை. ஒரு கார், ஒரு டிரைவர் (சில சமயம் இரண்டு), சில மாதங்கள். ஆய்வுக்கூட முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் கட்சிச் சண்டை ஆரம்பமாகிவிடும். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல், கையால் போடும் ஐந்து கியர், எடை 900 கிலோவுக்கு அருகில். 2019-இல் வாங்கியது. சான்றிதழில் லிட்டருக்கு 22.

இந்த 22 வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகளில் காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். சாலை கிடையாது, எதிர்காற்று கிடையாது, குறுக்கே ஆட்டோ கிடையாது. மொத்தமே 1,180 நொடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. நகர ஓட்டம் என்று 195 நொடித் துண்டு ஒன்றை நான்கு தடவை, பிறகு நெடுஞ்சாலை ஓட்டம் என்று 400 நொடி. உச்ச வேகம் 90. ஏசி அணைந்திருக்கும். பத்தரைக் கிலோமீட்டர் சொச்சம் ஓடியதற்குச் சமம். கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தச் சோதனை நல்ல தராசு. குரோம்பேட்டையில் காலை ஒன்பது மணிக்கு நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வது அதன் வேலை கிடையாது.

குரோம்பேட்டை என் தினசரிப் பாதை. தாம்பரத்தில் ஏறி, ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரா, சைதாப்பேட்டை வழியாக நந்தனம். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் செயலி 17.5 காட்டும். ஒன்பதுக்குக் கிளம்பினால் 11.2. அதே கார், அதே கால், அதே ஏசி. இரண்டரை மணி நேரத் தூக்கத்தின் விலை ஏறக்குறைய அறுபத்தைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் தூக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

இந்த இடத்தில் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண் பரிசோதனைக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். முதல் நாள் காலை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் போன் திரையில் துள்ளும் எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன மாப்ளே இது?"

"கே.எம்.பி.எல். பாக்குற மிஷின் மாமா."

அந்த வார்த்தை அவருக்கு நன்றாகத் தெரியும். பேருந்துக் கிளைகளில் மைலேஜ் என்று யாரும் சொல்வதில்லை, கே.எம்.பி.எல்.தான். ஒவ்வொரு டிரைவருக்கும் அந்தக் கணக்கு எழுதப்படும். டீசல் போடுமிடத்தில் லிட்டர், டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர், மாத முடிவில் வகுத்தல். லிட்டருக்கு ஐந்து சொச்சம் ஓடும் வண்டியில் கால் கிலோமீட்டர் கூடினால் கிளைக்கு எவ்வளவு டீசல் மிஞ்சும் என்று மாமா மனக்கணக்காகவே சொல்வார். நான் எண்ணூறு ரூபாய் கொடுத்துப் படிக்க ஆரம்பித்த பாடத்தில் அவர் ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார்.

பல்லாவரம் சிக்னலுக்கு இருநூறு மீட்டர் முன்னால் அவர் வாய் திறந்தார். "அதான் செவப்பு தெரியுதுல்ல, இன்னும் எதுக்கு மிதிக்கிற?" நான் சொன்னேன், முன்னால் இடம் காலியாக இருக்கிறது, விட்டால் பைக்காரன் நுழைந்துவிடுவான். "நுழையட்டும். அவனும் செவப்புலதான் நிக்கப் போறான்."

மறுநாள் அவரையே ஓட்டச் சொன்னேன். கண்ணில் சொட்டு மருந்து போடுவதற்கு முந்தைய நாள் அது, பயப்பட வேண்டாம். அதே ஒன்பது மணி, அதே ஏசி, அதே இருவர். நான் 67 நிமிடத்தில் போனதை அவர் 69 நிமிடத்தில் போனார். செயலி காட்டியது 13.6. தற்செயலாக இருக்கும் என்று இன்னும் இரண்டு நாள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். வித்தியாசம் இரண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை.

மெதுவாக ஓட்டி மைலேஜ் எடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். கவனித்தால் அப்படி இல்லை. பச்சை விழுந்ததும் என்னைவிடச் சுறுசுறுப்பாகக் கிளம்புகிறார். ஆனால் கியரை டக் டக்கென்று மாற்றி, இரண்டாயிரம் சுற்றைத் தொடும்போதே அடுத்ததற்குப் போய்விடுகிறார். நாற்பது வேகத்தில் நான்காவது கியர். நான் அதே வேகத்தில் மூன்றாவதில் உறுமிக்கொண்டிருப்பேன். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் காற்று போகும் வால்வு கொஞ்சமாகத்தான் திறக்கும். எஞ்சின் அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கவே சக்தியைச் செலவழிக்கும். இளநீர் ஸ்ட்ராவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். மேல் கியரில், குறைந்த சுற்றில், கொஞ்சம் கூடுதலாக மிதித்து ஓட்டும்போது அந்தச் சந்து அகலமாகிறது. அதற்காக எஞ்சின் குலுங்கும் அளவுக்குச் சுற்றைக் குறைக்கக் கூடாது. "வண்டி அழுவுது, எறக்கு" என்பார் மாமா. அந்த அழுகையைத் திரை காட்டாது, இருக்கையில்தான் தெரியும்.

ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதி பிரேக்கில்தான் இருந்தது. நான் ஒரு பயணத்தில் முழுதாக நின்று கிளம்பியது 41 தடவை. அவர் 23. சிவப்பைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிடுகிறார். கார் உருண்டுகொண்டே போகிறது. பாதி சமயம் அவர் போய்ச் சேரும்போது பச்சை விழுந்து முன் வரிசை நகர ஆரம்பித்திருக்கும். நிற்காமலேயே இரண்டாவது கியரில் தொடர்கிறார். நான் வேகமாகப் போய் வரிசையில் சேர்ந்து, நின்று, முதல் கியரில் ஆரம்பிக்கிறேன்.

இதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்த்தேன். வண்டியும் ஆட்களும் சேர்ந்து ஆயிரம் கிலோ என்று வையுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதற்குள் இருக்கும் ஓட்ட ஆற்றல் ஏறக்குறைய 139 கிலோ ஜூல். பெட்ரோலின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் ஓட்டமாக மாற்றுகிறது என்று கொண்டால், அந்த வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவர 17, 18 மில்லி பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் டிஸ்க்கில் சூடாகிப் போகிறது. லிட்டர் நூறு ரூபாய் விற்கும்போது, அறுபதிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரு பிரேக் ஒன்றே முக்கால் ரூபாய். நாற்பதிலிருந்து என்றால் முக்கால் ரூபாய்தான், ஏனென்றால் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் கணக்கு இது. ஹைபிரிட் கார்கள் நகரத்தில் நல்ல மைலேஜ் தருவதன் பெரிய காரணங்களில் ஒன்று இதுதான். பிரேக்கில் போகும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் திருப்பிப் பிடித்து பேட்டரியில் போடுகிறது. மாமா அதையே மோட்டார் இல்லாமல், முதலிலேயே செலவழிக்காமல் செய்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் ஓட்டமும் மாறியது. மாமா ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து, ஒன்பது மணிப் பயணத்தில் 12.9 வரை வந்திருக்கிறேன். 13.6 இன்னும் எட்டவில்லை. பைக்காரன் நுழைந்தால் எனக்கு இன்னும் ஏதோ செய்கிறது.

அடுத்து ஏசி. இதைப் பற்றி நம்மிடம் இருக்கும் வாக்குவாதங்களை ஓர் உண்மை தீர்த்துவைக்கும். ஏசியின் செலவு மணிக்கணக்கு, கிலோமீட்டர் கணக்கு அல்ல. நின்றுகொண்டிருக்கும் என் கார் ஏசி இல்லாமல் மணிக்கு 0.7 லிட்டர் குடிக்கிறது. மே மாத மதியத்தில் ஏசியோடு 1.1 லிட்டர். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது இந்தக் கூடுதல் 0.4 லிட்டர் எண்பது கிலோமீட்டருக்குப் பரவிவிடுகிறது, பெரிதாகத் தெரியாது. கத்திப்பாராவில் ஒரு மணி நேரத்தில் பதினெட்டு கிலோமீட்டர் ஊர்கிறவருக்கு அதே 0.4 லிட்டர் கால்வாசி பெட்ரோல். ஆகவே "நெடுஞ்சாலையில் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கு, சிட்டியில் போட்டுக்கோ" என்று சொல்லும் பெரியவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அதற்காகச் சென்னையில் ஏசியை அணைக்கச் சொல்லவில்லை. வெயிலில் நின்ற காரில் ஏறினதும் நான்கு கதவையும் திறந்து அனலை வெளியேற்றிவிட்டு ஏசி போட்டால், கம்ப்ரஸரின் முதல் பத்து நிமிடப் போராட்டம் குறைகிறது. திரையிலேயே தெரியும்.

இரண்டு நிமிட சிக்னலில் ஏசியோடு நின்றால் 37 மில்லி. விநாடி எண்ணிக்கை காட்டும் சிக்னல்களில் அறுபதுக்கு மேல் இருந்தால் இப்போது எஞ்சினை அணைக்கிறேன். மேயில் அணைப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலைச் சோதனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில் போனேன். ஐந்தாவது கியர், ஏசி இல்லை, காற்றின் திசையைச் சமன் செய்யப் போகவும் வரவும் ஓட்டினேன். அறுபதில் 25.8. எண்பதில் 22.1. நூறில் 18.0.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்று பள்ளியில் படித்ததுதான். இந்த அளவு காரில் அறுபது வேகத்தில் டயர் உருள்வதற்கான எதிர்ப்பும் காற்றின் எதிர்ப்பும் ஏறக்குறைய சமம். நூறைத் தொடும்போது காற்று மட்டும் டயரைப்போல மூன்று மடங்காகிவிடுகிறது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் 45-லிருந்து 55 வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பல வருடமாக விளம்பரம் செய்கிறது. கணக்கு சரிதான். ஆனால் நான்குவழிச் சாலையில் ஐம்பதில் போய்ப் பாருங்கள், பின்னால் வரும் ஆம்னி பஸ் தன் கருத்தை ஹாரனில் தெரிவிக்கும். அது பாதுகாப்பும் அல்ல.

நடைமுறைக்கு இப்படிப் பார்க்கலாம். முந்நூறு கிலோமீட்டர் பயணத்தை எண்பதில் போனால் மூன்றே முக்கால் மணி நேரம், பதின்மூன்றரை லிட்டர். நூறில் போனால் மூன்று மணி நேரம், பதினாறே முக்கால் லிட்டர். முக்கால் மணி நேரத்தை முந்நூற்றுப் பத்து ரூபாய்க்கு வாங்குகிறோம். விழுப்புரத்தில் ஒரு டீக்கு இறங்கினால் அந்த முக்கால் மணியில் பாதி போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது எண்பத்தைந்தில் போகிறேன். குழந்தைகள் "அப்பா ஸ்லோ" என்கிறார்கள்.

மலைப்பாதையில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி, சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200-க்கு மேல். நான்கு பேரும் பெட்டிகளுமாக 1,200 கிலோவைக் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் தூக்க வேண்டும். அதற்கு மட்டுமே இரண்டரை லிட்டருக்கு மேல் போகும். ஏறும்போது 10.3 காட்டியது. ஊட்டியில் டிரிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு இறங்கினேன். அடிவாரத்தில் காரின் டிஸ்பிளே 42 என்றது.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 26 என்று ஊரில் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அப்படி வகுக்கக் கூடாது. ஏற்றத்தில் 4.85 லிட்டர், இறக்கத்தில் 1.2 லிட்டர், நூறு கிலோமீட்டருக்கு மொத்தம் ஆறு லிட்டர். சராசரி 16.5. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் நம் வழக்கத்தில் இந்த மயக்கம் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று ஐரோப்பாவில் கேட்கிறார்கள், அதில் ஏமாற வழியில்லை.

இறக்கத்தில் இன்னொரு விஷயம், இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இன்றைய இஞ்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானே சுற்றிக்கொள்ள மணிக்கு 0.7 லிட்டர் வேண்டும். கியரில் இறங்குவது மலிவு, பாதுகாப்பும் அதுதான். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் மிதித்தாலும் பிடிக்காது. பர்லியார் பக்கம் ஓரமாக நிறுத்திச் சக்கரத்தில் புகை வருவதை வேடிக்கை பார்க்கும் கார்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்குப் பிரேக்கின் உதவி சக்தியும் ஸ்டீயரிங்கின் உதவி சக்தியும் சேர்ந்தே போய்விடும்.

என் கருவி தோற்ற இடமும் இதுதான். பெட்ரோல் முழுதாக நின்றிருந்தபோதும் திரையில் ஏதோ கொஞ்சம் எரிவதாகவே காட்டியது. காற்று உள்ளே போகிறது, காற்று போனால் பெட்ரோலும் போயிருக்கும் என்று அது ஊகிக்கிறது. அதனால்தான் மலை இறக்கத்துக்கு மட்டும் காரின் சொந்தக் கணக்கை எடுத்துக்கொண்டேன். அந்தக் கணக்கும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் என்பது முன்பே தெரிந்ததால், 42-ஐ நாற்பது என்றே படியுங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காலையில் பால் வாங்கக் காரை எடுப்பது குற்றம். எஞ்சின் தண்ணீர் 31 டிகிரியிலிருந்து 85-ஐத் தொட எனக்கு எட்டு நிமிடம் ஆகிறது. அதுவரை எண்ணெய் கெட்டி, கலவையில் பெட்ரோல் அதிகம். போகவர 1.2 கிலோமீட்டருக்கு 160 மில்லி, அதாவது பாக்கெட் பாலுக்குப் போக்குவரத்துச் செலவு 16 ரூபாய். டயர் காற்று மைலேஜை அள்ளிக் கொடுக்கும் என்பது மிகை. சராசரி அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. என் டயரில் 33-க்கு 27 இருந்தது, இழப்பு ஒரு சதவீதம் சொச்சம்தான். காற்றைச் சரிபார்க்க வேண்டிய பெரிய காரணம் டயரின் ஆயுளும் மழையில் பிடிமானமும். காற்று வடிகட்டியை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று சர்வீசில் சொன்னால் பணிவாகச் சிரியுங்கள். இஞ்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் அடைத்த வடிகட்டி இழுவையைக் குறைக்கும், மைலேஜை அநேகமாகத் தொடாது என்பதை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்தே காட்டியிருக்கிறது.

எத்தனால் பற்றிக் கேட்பீர்கள். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் வெப்பம் குறைவது இயற்பியல், அரசியல் அல்ல. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய வடிவமைப்பில் 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், 20 சதவீதத்துக்கென்றே சரிசெய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. என் கார் முதல் வகைக்குப் பக்கத்தில் இருப்பது. பங்க்கில் எனக்கு வேறு தேர்வு கிடையாது, காலில்தான் இருக்கிறது.

இனி கருவிக்கு மதிப்பெண். புளூடூத் வாரத்துக்கு இரண்டு தடவை அறுந்துபோகும், பெட்டியைக் கழற்றி மாட்டினால் சரியாகும். சாக்கெட் இருக்குமிடத்தைப் பொறுத்து முழங்கால் இடிக்கும். கார் அணைந்த பிறகும் அந்தச் சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் இருக்கும், இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள் கழற்றி வைக்காவிட்டால் வண்டி கிளம்பாது. இந்த விலைப் பெட்டிகளில் பல ஐபோனோடு சேராது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் காரணக் குறியீட்டை நாமே படித்துக்கொள்ளலாம் என்பது உபரி லாபம். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. நான் பதிவு செய்துவிட்டு வண்டி நின்ற பிறகு பார்த்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகரத்தில் ஓட்டுகிறவர்கள் வாங்கலாம். என் தினசரிப் பாதையில் 11.2, 12.9 ஆனதில் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் மிச்சம், பெட்டியின் விலை ஒரே மாதத்தில் திரும்பிவிடும். வாரத்துக்கு ஒருநாள் கோவிலுக்கு மட்டும் கார் எடுக்கிறவர்களுக்குத் தேவையில்லை. எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் யாருக்கும் இது தேவைப்படாது. என்னுடையது இப்போது எதிர்வீட்டுக்காரரின் காரில் இருக்கிறது. தன் வண்டி இருபது கொடுக்கிறது என்று சொன்னாரே, அவர்தான். போன வாரம் பார்த்தபோது 14.1 என்றார்.